எவ்வளவு ரேம் போட்டாலும் போதவில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது, நாற்பது வருடம் ஓடிய லேத்தை நம்பி ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. பெட் தேய்ந்தால் கிரைண்டிங்குக்கு அனுப்புகிறார்கள், பேரிங் மாற்றுகிறார்கள், மோட்டார் எரிந்தால் காயில் கட்டுகிறார்கள். இயந்திரம் மறுபடி நூலிழை பிசகாமல் கடைகிறது. அதே பட்டறையின் கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்த ஆயுசு வாய்ப்பதில்லை. ஆறேழு வருடத்தில் திணறத் தொடங்கிவிடுகிறது. சர்வீஸுக்கு வருகிறவர் திறந்து பார்த்துவிட்டு வழக்கமாகச் சொல்வது இதுதான்: "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். குரோம்தான் ரேமைப் பூரா சாப்பிடுது. நாலு ஜிபி பத்தாது, எட்டு போட்டுருங்க. ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி மாட்டிருங்க."

இத்தனைக்கும் அந்தக் கம்ப்யூட்டரின் வேலை கூடவில்லை. 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் 3பி, சரக்கு வெளியே போனால் இ-வே பில், பிறகு பேங்க், பி.எஃப்., மெயில். கட்டங்களில் எண்களை நிரப்பி 'சப்மிட்' அழுத்துகிற வேலை. ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தபோது எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அப்படியேதான் இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று அதைச் செய்த கம்ப்யூட்டர் இன்று செய்ய மறுக்கிறது. 3பி ஒரு நாள் தள்ளிப்போனால் 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதில் கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டு நின்ற நேரத்துக்கென்று தனிக் கழிவு கிடையாது.

சாதாரண மனிதரின் தேவைக்கு மீறி பிரவுசர் பெருத்துவிட்டதா என்ற கேள்வியை இந்தக் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்துதான் கேட்க வேண்டும். பெருத்துவிட்டது என்பதே என் பதில். ஆனால் அந்தப் பருமன் முழுவதும் ஒரே இனமல்ல. ஒரு பகுதி நாமே கேட்டு வாங்கியது, நமக்காகச் சுமப்பது. மீதியை யாருக்காகவோ நாம் சுமக்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க முப்பது ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. முதல் நகரங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று. மாணவர்களுக்கான கணக்கு 250 மணி நேரத்துக்கு 500 ரூபாய், திரையில் எழுத்து மட்டுமே வரும். படத்தோடு பார்க்கும் இணைப்புக்குத் தனிநபர் 15,000 ரூபாய் கட்ட வேண்டும். 500 ரூபாய்க்காரர்கள் பார்த்தது பெரும்பாலும் லிங்க்ஸ் என்ற பிரவுசரை. அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. படம் கிடையாது, வண்ணம் மிகச் சொற்பம், மவுஸ் தேவையே இல்லை. அம்புக்குறி விசைகளால் ஒரு சுட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். விநாடிக்கு 9.6 கிலோபிட் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அதே 1995-ன் பிப்ரவரியில்தான் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த், மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி ஒரு கட்டுரை வெளியிட்டார். வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டு போகிறது என்பது அதில் அவர் எடுத்துச் சொன்ன கருத்து. இந்தியாவில் பொதுமக்கள் ஒருவரும் இணையத்தைப் பார்த்திராத நாளில் எழுதப்பட்ட புகார் இது. ஆகவே 'அந்தக் காலத்தில் எல்லாம் மெலிதாக இருந்தது' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பருமன் பற்றிய முறையீடு பிரவுசரின் பிறப்பிலிருந்தே கூட வருகிறது.

அந்த முறையீட்டுக்கு ஒரு சுழற்சியும் இருந்தது. 1994-ல் நெட்ஸ்கேப் சின்னதாக வந்தது. 1997-ல் அதுவே மெயில், செய்திக்குழு, பக்கம் எழுதும் கருவி எல்லாம் சேர்ந்த கம்யூனிகேட்டராக வீங்கியது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4-ஐ விண்டோஸின் உடம்புக்குள்ளேயே தைத்தது. அந்தக் கனத்தைப் பொறுக்காதவர்களுக்கு, ஒற்றை ஃபிளாப்பியில் அடங்குகிறேன் என்று நார்வேயிலிருந்து ஓபரா வந்தது. நெட்ஸ்கேப்பின் வாரிசான மொசில்லா தொகுப்பு தாங்க முடியாத பாரமாகிவிட்டது என்று அதற்குள்ளேயே இருந்த சில இளைஞர்கள் 2002-ல் தனியாகப் பிரித்தெடுத்துச் செதுக்கியதுதான் 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 ஆனது. அதன் விண்டோஸ் பதிப்பு ஐந்து எம்பிக்குள் இறங்கியது. பயர்பாக்ஸும் தடித்தபோது 2008 செப்டம்பரில் குரோம் வந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அந்தத் திட்டத்தை வழிநடத்தியவர். வேகமும் எளிமையும்தான் அன்று குரோமின் முகவரி. ஒவ்வொரு டேபுக்கும் தனித்தனியாக ஒரு செயல்பாட்டை ஓட்டியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில், டேபை மூடியதும் அது பிடித்திருந்த நினைவகம் மொத்தமாகத் திரும்பிவிடும் என்பதும் ஒன்று. அந்தக் குரோமின் முழு நிறுவல் கோப்பு இன்று 100 எம்பிக்கு மேல்.

இனி நமக்காகச் சுமக்கும் பாரம். இதைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது.

1990-களின் இறுதியில் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் முதலில் கிடைப்பது புரியாத ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். அந்தப் பத்திரிகையின் எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். அடுத்த பத்திரிகைக்கு இன்னொரு எழுத்துரு, இன்னொரு குறியீடு. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் தேட முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் இணையவழியே கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கியும் பக்கத்திலேயே புழங்கியது. யூனிகோடு வந்த பிறகும் தொல்லை ஓயவில்லை. 'கொ' என்ற எழுத்தைக் கணினி 'க' என்றும் அதன்பின் ஓர் உயிர்க்குறி என்றும் சேமிக்கிறது. திரையில் வரையும்போது அந்தக் குறியின் ஒரு பாதி முன்னே தாவ வேண்டும், மறு பாதி பின்னே நிற்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கென்று ஒரு கட்டத்தை டிக் செய்து, சிடியைப் போட்டு, கோப்புகளை ஏற்ற வேண்டியிருந்தது. செய்யாதவர்களுக்குக் கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில். 2004 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகளைப் படிக்க வந்த பலர் முதலில் கற்றுக்கொண்டது இந்த வித்தையைத்தான்.

இன்று ஆவடியில் ஒரு பள்ளி மாணவி எந்த போனிலும் எந்தத் தமிழ்ப் பக்கத்தையும் திறந்தால் எழுத்து எழுத்தாகவே வருகிறது. அந்த வேலையைச் செய்வது குரோமும் பயர்பாக்ஸும் தங்களுக்குள் சுமந்து திரியும் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளைக் கோத்து அமைக்கும் நிரல். 'அம்பத்தூர்' என்ற சொல் திஸ்கியில் ஆறு பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் முப்பது பைட். ஐந்து மடங்கு பெருக்கம். ஆனால் அந்த முப்பது பைட் உலகின் எந்த மூலையிலும் அம்பத்தூராகவே படிக்கப்படும், தேடினால் கிடைக்கும், பார்வையற்றவருக்குக் கருவி வாசித்துச் சொல்லும். இந்தப் பருமனை ஒரு பைட்கூடக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பாதுகாப்பும் இதே கணக்கில்தான் சேர்கிறது. ஸ்பெக்டர் என்ற வன்பொருள் ஓட்டை 2018-ல் வெளியான பிறகு, ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்காதபடி குரோம் தளங்களைத் தனித்தனி அறைகளில் பூட்டியது. அதற்கு 10 முதல் 13 சதவீதம் கூடுதல் நினைவகம் பிடிக்கிறது என்று கூகுளே சொன்னது. பேங்க் பக்கமும் ஏதோ ஒரு விளம்பரப் பக்கமும் பக்கத்துப் பக்கத்து டேபில் திறந்திருக்கும் கம்ப்யூட்டரில் அந்தப் பூட்டு அவசியம்.

இவை போக மீதி இருப்பதைப் பார்த்தால்தான் மனம் கசக்கிறது. வீடியோ அழைப்பு, முப்பரிமாண விளையாட்டு, யுஎஸ்பி கருவிகளோடு பேசும் வழி, கடைக்காரரின் கூப்பன், செய்தி ஓடை, பக்கவாட்டுப் பட்டை என்று ஒவ்வொன்றாக ஏறியது. இப்போது குரோம் தனக்குள் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியையும் இறக்கி ஓட்டும். அந்த வசதிக்கு வட்டில் குறைந்தது 22 ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது கூகுள் விதித்திருக்கும் நிபந்தனை. 3பி தாக்கல் செய்பவர் இதைக் கேட்கவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவரும் கேட்கவில்லை.

பிரவுசர் மட்டும் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. வீடு பெரிதாகப் பெரிதாகச் சாமானும் சேருவதுபோல, பிரவுசருக்கு ஒரு திறமை வந்ததும் பக்கம் எழுதுகிறவர்கள் அதை நிரப்பிவிடுகிறார்கள். எச்டிடிபி ஆர்க்கைவ் என்ற திட்டம் 2010-லிருந்து வலைப்பக்கங்களின் எடையைப் பதிந்து வருகிறது. தொடங்கியபோது நடுத்தரமான ஒரு பக்கம் அரை எம்பிக்கும் கீழே இருந்தது. இன்று 2 எம்பியைத் தாண்டிவிட்டது. 2 எம்பி பக்கம் ஒன்று 1995-ன் 9.6 கிலோபிட் இணைப்பில் வந்துசேர ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். மாணவருக்குக் கொடுத்த 250 மணி நேரமும் ஐந்நூறு பக்கத்தில் தீர்ந்துபோகும். அந்த 2 எம்பியில் படிக்கும் எழுத்து எவ்வளவு? இந்தக் கட்டுரை முழுவதும், தமிழுக்கு மும்மடங்கு பைட் பிடித்தும், சுருக்காமலே 60 கேபிக்குள்தான் வரும். மிச்சமெல்லாம் படம், எழுத்துரு, விளம்பர ஏலம், வந்தவர் யார், எங்கே நகர்ந்தார் என்று பின்தொடரும் நிரல்கள். பழைய கம்ப்யூட்டரைத் திணற வைப்பதில் அந்த நிரல்களுக்குப் பெரிய பங்கு. இறக்குவதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொன்றையும் பிரவுசர் பிரித்து, தொகுத்து, ஓட்ட வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஒரு காலத்தில் மாற்று இருந்தது. 2006-க்குப் பின் ஓபரா மினி பக்கத்தைத் தன் சர்வரிலேயே சமைத்து, சுருக்கி, நோக்கியா பட்டன் போனுக்கு அனுப்பியது. அடுத்து வந்த யூசி பிரவுசர் இந்திய மொபைல்களில் முதலிடத்திலேயே சில வருடம் இருந்தது. எம்பி கணக்குப் பார்த்து ரீசார்ஜ் செய்த காலம் அது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் சிக்கனத்துக்கான காரணம் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தோம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் யூசி பிரவுசரும் போனது. குரோம் தன் லைட் மோடை 2022 மார்ச்சில் கைவிட்டது, டேட்டா மலிந்துவிட்டதையும் காரணமாகச் சொல்லி. டேட்டா மலிந்தது உண்மைதான். ஆனால் மலிந்த டேட்டாவோடு கூடவே போனின் ரேம் வளர்ந்துவிடவில்லை.

இதன் விலையைப் பணமாகக் கணக்கிட முடிகிற ஒரு நிகழ்வு அம்பத்தூர் வழியே போகும் மேற்கு ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஆவடியைத் தாண்டி, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் கொள்முதல் செய்த அந்த முதல் லேப்டாப்புகளில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைக்குப் போயின. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அம்பத்தூர் ஓ.டி.யிலும் திருமுல்லைவாயலிலும் பூந்தமல்லியிலும் அதில்தான் டைப்பிங் பழகினார்கள், ப்ராஜெக்ட் செய்தார்கள், ரெஸ்யூம் எழுதினார்கள்.

அந்த இயந்திரம் வலுவானது. பேட்டரி போனாலும் சார்ஜரில் சொருகி இன்னும் ஓடும். அதை முதலில் கைவிட்டது பிரவுசர்தான் என்று சொல்லலாம். 2020-ல் பள்ளிகள் மூடி வகுப்புகள் வீடியோ அழைப்புக்கு மாறியபோது, 2 ஜிபிக்குள் விண்டோஸும் பிரவுசரும் வகுப்பறையும் சேர்ந்து அடங்கவில்லை. 2023 ஜனவரியில் வந்த 109-ம் பதிப்போடு குரோம் விண்டோஸ் 7-ஐ நிறுத்திக்கொண்டது. பயர்பாக்ஸ் தன் பழைய பதிப்பு ஒன்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக் கொடுத்து, மொசில்லாவின் பெயரைக் காப்பாற்றியது. பாஸ் லினக்ஸுக்கு மாறிக்கொள் என்று சொல்வது சுலபம். ஆனால் அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர் மிகச் சிலர். லினக்ஸுக்கு மாறினாலும் திறக்க வேண்டிய பக்கம் அதே எடைதான்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்போவதாக அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. எல்காட் டெண்டரில் குறைந்தபட்ச ரேம் 8 ஜிபி. அன்றைய 2 ஜிபியோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. மாணவர் செய்யும் வேலையும் சற்று விரிந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் போடுவது, பாடக் குறிப்பு இறக்குவது, வீடியோ பார்ப்பது, கட்டுரை தட்டச்சு செய்வது எல்லாம் 2011-லும் இருந்தவை. நான்கு மடங்கு ரேமில் ஒரு பெரும்பங்கு, விளம்பர நிறுவனங்களின் நிரல்களும் யாரும் கேட்காத வசதிகளும் உட்கார இடம் வாங்கிக் கொடுத்த செலவு. அந்தச் செலவு நம் வரிப்பணத்திலிருந்து போகிறது. லேப்டாப் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்ல மாட்டேன். கொடுத்த லேப்டாப் பத்து, பன்னிரண்டு வருடம் உழைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

லேப்டாப்பும் இல்லாதவர்கள் போனில் முயல்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஆன்லைன்தான். 2 ஜிபி போனில் பக்கம் பாதியில் வெள்ளையாகி, முதலிலிருந்து நிரப்பச் சொன்னால், அவர்கள் பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு நடக்கிறார்கள். அரசு இலவசமாக்கிய சேவைக்கு அங்கே காசு கொடுக்கிறார்கள். ஓடிபி தன் போனுக்கு வர, பாஸ்வேர்டு இன்னொருவர் கம்ப்யூட்டரில் தங்கிவிடுகிறது. பிரவுசருக்குள் எத்தனை பாதுகாப்பு அறை கட்டியும், ஏழையின் ரகசியம் அதற்கு வெளியே கசிகிறது.

'புதுசு வாங்கிக்கொள்ளட்டும்' என்ற பதில் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். மேற்குப் புறநகருக்கு அது நல்ல செய்தி. நம் பிள்ளைகள் தரமணிக்கும் சோழிங்கநல்லூருக்கும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியதில்லை. அப்படிப்பட்ட அலுவலகங்களில் நிரல் எழுதுகிறவரின் மேஜையில் 16 ஜிபி, 32 ஜிபி இயந்திரமும் அதிவேக இணைப்பும் இருக்கும். அவர் எழுதும் பக்கம் அவர் திரையில் கண் இமைப்பதற்குள் திறக்கிறது. அதே பக்கம் அவருடைய அம்மாவின் போனில் எப்படித் திறக்கிறது என்று பார்க்க அவருக்கு யாரும் நேரம் ஒதுக்கித் தருவதில்லை. கெட்ட எண்ணம் எங்கும் இல்லை. பார்க்கும் வாய்ப்புத்தான் இல்லை.

குரோமை அம்பத்தூரிலிருந்து மெலிய வைக்க முடியாது. பக்கத்தை முடியும். பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம் 2022-ல் ஜேகுவெரி என்ற துணை நிரலை முழுவதுமாக நீக்கியது. அது சுருக்கினால் முப்பது கேபி சொச்சம் வரும் சிறு கோப்பு. அவ்வளவு சின்னதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டவர்களுக்கு, மெதுவான இணைப்பும் பலவீனமான கருவியும் வைத்திருப்பவர்களுக்குப் பக்கம் கணிசமாக விரைவாகியிருப்பதை அளந்து காட்டினார்கள். இங்கே லேப்டாப் டெண்டரில் ரேம் எத்தனை ஜிபி என்று எழுதுகிற அதே அரசு, போர்ட்டல் டெண்டரில் ஒரு பக்கம் எத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், எந்தக் கருவியில் எத்தனை விநாடியில் திறக்க வேண்டும் என்றும் எழுதலாம். எழுதி, அதில் தேறினால்தான் பில் பாஸ் ஆகும் என்று வைக்கலாம். விண்ணப்பப் படிவத்துக்கு நகரும் பேனர் தேவையில்லை, தலைவர்களின் பெரிய படங்கள் தேவையில்லை. பாதியில் நின்றால் நிரப்பியது அழியாமல் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி, பி.எஃப். தளங்கள் டெல்லியின் பொறுப்பு என்பதால் அங்கேயும் இதைக் கேட்க வேண்டியவர்கள் தொழிற்பேட்டையின் உற்பத்தியாளர் சங்கத்தார். மின்கட்டணத்துக்கும் சாலைக்கும் மனு கொடுப்பவர்கள் இதற்கும் கொடுக்கலாம்.

பிரவுசரைப் பற்றி ஒரு கவலை மிச்சமிருக்கிறது, இது நீண்டகாலக் கவலை. முன்பு ஒன்று தடித்தால் மெலிந்த இன்னொன்று பிறந்தது. அந்தச் சுழற்சி இப்போது நின்றுவிட்டது. ஓபரா 2013-ல் தன் சொந்த எஞ்சினை விட்டுவிட்டு குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020 ஜனவரியில் மாறியது. பெயர்கள் பல இருந்தாலும் பரவலாகப் புழங்கும் எஞ்சின்கள் பிளிங்க், வெப்கிட், கெக்கோ என்று மூன்றே. புதிதாக ஒன்றை எழுத வேண்டுமானால் குரோமியத்தின் கோடிக்கணக்கான வரிகள் செய்வதை எல்லாம் செய்தாக வேண்டும்; இல்லையென்றால் பேங்க் தளம் திறக்காது. நான்கு இளைஞர்கள் சேர்ந்து செதுக்கிவிடக்கூடிய அளவை அது எப்போதோ தாண்டிவிட்டது.

அப்படியும் சிலர் முயல்கிறார்கள். லேடிபேர்ட் என்ற பிரவுசர் யாருடைய எஞ்சினையும் கடன் வாங்காமல் முதலிலிருந்து எழுதப்படுகிறது, 2024 முதல் லாபநோக்கற்ற அமைப்பாக. மொசில்லா ஒருகாலத்தில் தொடங்கிய செர்வோ எஞ்சினும் வேறு கைகளில் தொடர்கிறது. இரண்டின் நிரலும் திறந்தே கிடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் சி-டாக்கின் சென்னைப் பிரிவும், கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றனவா, நீண்ட தமிழ்ச் சொல் வரி முடிவில் எப்படி உடைகிறது, தமிழில் தேடினால் கிடைக்கிறதா என்று இப்போதே சோதித்துப் பிழைகளைப் பதிவு செய்ய ஆள் ஒதுக்க வேண்டும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.